விண்கல்லை வைத்துச் சூரியக் குடும்பத்தைக் கணக்கிடும்போது சறுக்கும் இடங்கள்

சூரியக் குடும்பம் தோன்றியபோது எந்தத் தனிமம் எவ்வளவு இருந்தது என்று அறிய முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, சூரிய ஒளியின் நிறமாலையைப் படிப்பது. மற்றது, பூமியில் விழுந்த விண்கல்லை ஆய்வகத்தில் கரைத்து அளப்பது. இரண்டாவது வழியில் துல்லியம் அதிகம். அந்தத் துல்லியத்தில் மயங்கித்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், கையில் கிடைத்த கல்லை எடுத்துக்கொள்வது. 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல் டன் கணக்கில் கிடைத்ததால் பாடங்களில் அதுதான் அடிக்கடி வரும். ஆனால் அதிலுள்ள வெள்ளைத் துணுக்குகள் கடும் வெப்பத்தில் முதலில் உறைந்தவை. அதனால் அந்தக் கல்லில் கால்சியம், அலுமினியம், டைட்டானியம் தூக்கலாகவும், எளிதில் ஆவியாகும் துத்தநாகம், ஈயம் போன்றவை குறைவாகவும் இருக்கும். இரும்பு விண்கல் இன்னும் மோசம். உருகிப் பிரிந்த ஒரு குறுங்கோளின் உட்கரு அது.

சூரியனோடு நன்றாக ஒத்துப்போவது சிஐ காண்டிரைட் (CI chondrite) என்ற அரிய கல் வகை. விழும்போதே பார்த்து எடுத்த பழைய கற்களில் ஐந்துதான் இந்த வகை. அதில் ஒன்று 1911-இல் ராஜஸ்தானின் டோங்க்கில் விழுந்தது. மிஞ்சியது சில கிராம்தான். இன்று கிலோ கணக்கில் மிஞ்சியிருப்பது 1864 மே 14 அன்று தெற்கு பிரான்சில் விழுந்த ஓர்கேய் மட்டுமே. ஆக, நாம் புரட்டும் தனிம அளவு அட்டவணைகளில் பெரும்பகுதி இந்த ஒற்றைக் கல்லின் தயவில் நிற்கிறது.

'ஆதிக்கல்' என்பதால் அது மாறாமல் இருக்கிறது என்று நினைக்கவும் கூடாது. தாய்க் குறுங்கோளில் தண்ணீர் அதை ஊறவைத்து, தாதுக்களையே மாற்றிவிட்டது. மொத்தக் கலவை மாறாமல் தப்பியது, உள்ளே தனிமங்கள் இடம் மாறின. அதனால் சில மில்லிகிராம் துண்டு ஏமாற்றும். ஓர்கேயில் தெரியும் வெள்ளை சல்பேட் நரம்புகள்கூட, அருங்காட்சியகத்தின் ஈரக்காற்றில் உருவானவை என்றே இப்போது கருதுகிறார்கள். 2020-இல் ரியுகு குறுங்கோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா2 விண்கலம் கொண்டுவந்த 5.4 கிராம் மண்ணும் சிஐ வகையைத்தான் ஒத்திருந்தது. அந்த சல்பேட் மட்டும் அதில் இல்லை.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது எடைக்கும் அணு எண்ணிக்கைக்கும் நடுவில். சிஐ கல்லில் இரும்பு எடையில் சுமார் 18.5 சதவீதம், சிலிக்கான் 10.7 சதவீதம். பார்த்தவுடன் இரும்புதான் அதிகம் என்று தோன்றும். அணு எடையால் வகுத்துப் பாருங்கள்: 18.5-ஐ 55.85-ஆல் வகுத்தால் 0.331, 10.7-ஐ 28.09-ஆல் வகுத்தால் 0.381. அதாவது 10 லட்சம் சிலிக்கான் அணுவுக்கு இரும்பு 8.7 லட்சம்தான். அண்ட வேதியியலார் சிலிக்கானை 10 லட்சம் என்று வைப்பார்கள். வானியலாளர்கள் ஹைட்ரஜனை 12 என்ற மடக்கையாக, அதாவது 10-இன் 12-ஆம் அடுக்காக வைப்பார்கள். ஒன்றை மற்றதாக மாற்றாமல் இரு அட்டவணைகளை அருகருகே வைப்பதில் அர்த்தமே இல்லை.

ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், நியான், ஆர்கான்: இவற்றுக்கு விண்கல்லைக் கேட்கவே வேண்டாம். கல்லாக உறையாத வாயுக்களில் பெரும்பகுதி அதில் சிக்கவே இல்லை. இதற்கு நேர்மாறு லித்தியம். சூரியனின் மேற்பரப்பில் அது விண்கல்லில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் குறைவு. ஆழத்தின் வெப்பம் அதை எரித்துவிட்டது. எனவே இங்கே நம்ப வேண்டியது கல்லைத்தான்.

நிறமாலையும் கல்லும் முரண்பட்டால் கல்தான் தவறு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 1960-களில் நிறமாலை காட்டிய இரும்பு, விண்கல் கணக்கில் பத்தில் ஒரு பங்கு அளவே இருந்தது. கடைசியில் பிழை நிறமாலைப் பக்கம்தான்: நிறமாலையில் தெரியும் இரும்புக் கோடுகளின் வலிமைக்கு ஆய்வகத்தில் அளந்து வைத்திருந்த எண்கள் தப்பு. அவற்றைத் திருத்தியதும் இரண்டும் நெருங்கி வந்தன.

அப்புறம், காலம். இன்று அளப்பதை அப்படியே தொடக்கக் கணக்காக எழுதக் கூடாது. கடந்த 456 கோடி ஆண்டுகளில் சூரியனின் மேலடுக்கிலிருந்து கன தனிமங்கள் பத்து சதவீதம் அளவுக்கு உள்ளே இறங்கியிருக்கின்றன. கல்லில் கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்திருக்கின்றன. யுரேனியத்தை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள்) பின்னோக்கிக் கணக்கிட்டால் தொடக்கத்தில் இருந்தது இன்றைய அளவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.