கார்ட்டூனில் சிரிப்பு சறுக்கும் இடங்கள்

பதினொரு நிமிடக் கார்ட்டூன் கதை. அடுக்குமாடிப் புளோக் வீட்டில் ஒரு பாட்டி, ஒரு பேரன். பாட்டி சூடாக மைலோ பானம் கலக்கி வைத்து, "ஆறட்டும்டா, அப்புறம் குடி" என்கிறார். பேரன் விரல்விட்டு எண்ணுகிறான்: "ஒண்ணு, ரெண்டு..." "ஆறு!" வந்ததும் எடுத்துக் குடிக்கிறான். நாக்கு சுட்டுவிடுகிறது.

சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத வருபவர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்பதை இந்த ஒரு சிரிப்பை வைத்தே காட்டிவிடலாம்.

பெரிய தவறு, ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுத் தமிழாக்குவது. 'ஆறு' என்ற இந்த விளையாட்டு ஆங்கிலத்தில் பிறக்கவே பிறக்காது. திரையின் கீழே ஓடும் ஆங்கிலத் துணைவரியில் எப்படிப் போடுவது என்று பயந்து வெட்டவும் செய்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கும் விரல்களும் சுட்ட நாக்கும் புரியும். அதோடு ஒட்டிக்கொண்டு சொல்லும் உள்ளே போகும்.

"நான் சொன்னது சூடு ஆறுறதுடா, நம்பர் ஆறு இல்ல" என்று பாட்டி விளக்கினால் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். அந்த இடத்துக்குத் தேவை மௌனம். நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் கார்ட்டூனில் 12 பிரேம், அதாவது ஏறக்குறைய அரை நொடி, பையன் அப்படியே உறைந்திருக்கட்டும். பிறகு கண் விரியட்டும். ஒரே ஓவியம் நிற்பதால் புதிதாக வரையும் செலவுகூட இல்லை. ஆனாலும் நேரம் போதாவிட்டால் முதலில் கத்தரிப்பது இதைத்தான். எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒரு சிரிப்பை மூன்று முறை கொண்டுவருவது பழைய வழக்கம். மூன்றாம் முறையும் நாக்குதான் சுடும் என்றால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். அங்கே கதை திரும்ப வேண்டும். பந்து பட்டுப் பூந்தொட்டி உடைந்துவிட, பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தாழ்வாரத்தில் கத்துகிறார். "அவருக்குக் கோபம் ஆறட்டும்" என்கிறார் பாட்டி. பையன் நேராக அவர் முன்னால் போய் நின்று எண்ணுகிறான். "ஆறு!" என்றபோது அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பையனின் கணக்கு முதல்முறையாகப் பலித்துவிட்டது.

இந்த அங்கிளின் உச்சரிப்பைக் கேலியாக்கும் ஆசை வரும். கூடவே கூடாது. நிறம், உடம்பு, உச்சரிப்பு எதைக் கிண்டல் செய்தாலும் மறுநாள் வகுப்பில் மாட்டுவது இன்னொரு பிள்ளைதான். பையனை "அருந்துகிறேன் பாட்டி" என்று ஏட்டுத் தமிழில் பேசவைப்பதும் வேண்டாம். கொதிக்கும் தண்ணீர், திறந்த சன்னல், மின்தூக்கிக் கதவு இவற்றில் சிரிப்பு தேடாதீர்கள். பார்க்கும் பிள்ளை அப்படியே செய்து பார்க்கும். மைலோவும் நாக்கைச் சுடும் அளவோடு நிற்கட்டும்.

முடிவில் பாட்டியை நிறுத்தி, "ஆகவே பிள்ளைகளே" என்று சொல்லவைக்கும் அந்த அரை நிமிடத்தையும் எடுத்துவிடுங்கள். கடைசி ஷாட்டில் அங்கிள் முன்னால் ஆவி பறக்க ஒரு மைலோ. அவர் விரல்விட்டு, தமிழில், எண்ணத் தொடங்குகிறார்.