கோப்பில் இருக்கும் சொல் தேடினால் ஏன் வருவதில்லை?

தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் மென்பொருள் உங்கள் ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதில்லை. முன்பே தயாரித்து வைத்த இன்டெக்ஸைத்தான் பார்க்கிறது. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அந்த மாதிரி. 1999இல் டக் கட்டிங் எழுதிய லூசீன் என்ற தேடல் மென்பொருள், அதன்மேல் கட்டப்பட்ட சோலர், எலாஸ்டிக்சர்ச் எல்லாமே இப்படித்தான். ஒரு தாளில் நாமே போட்டுப் பார்ப்போம்.

படி 1: மூன்று குட்டி ஆவணங்கள்.

ஆவணம் 1: மழை நேற்று பெய்தது.
ஆவணம் 2: மழையில் நனைந்த பூனை.
ஆவணம் 3: பூனை தூங்குகிறது. அந்தப் பூனை கறுப்பு.

படி 2: இடைவெளியிலும் நிறுத்தற்குறியிலும் வெட்டுங்கள். கிடைக்கும் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ‘அந்த’, ‘ஒரு’ போன்ற சொற்களை ஸ்டாப் வேர்ட்ஸ் என்று சொல்லித் தூக்கிவிடும் வழக்கம் உண்டு. நான் தூக்குவதில்லை, இடம் மிச்சமாவது சொற்பம். தவிர, பட்டியலில் ‘அந்த’ மட்டும் இருந்தால் நம் ‘அந்தப்’ தப்பித்துவிடும். ஒற்று மிகுந்தால் மென்பொருளுக்கு அது வேறு சொல்!

படி 3: ஒவ்வொரு டோக்கனுக்கும் எதிரே அது வரும் ஆவண எண்ணை எழுதுங்கள்.

மழை: 1
மழையில்: 2
பூனை: 2, 3

மற்றவற்றையும் இப்படியே. இதுதான் தலைகீழ் இன்டெக்ஸ். இப்போது ‘மழை’ என்று தேடினால் ஆவணம் 1 மட்டும் வரும், 2 வராது. இதற்குத்தான் ஸ்டெம்மிங், அதாவது விகுதியைச் சீவி அடிச்சொல்லாக்குவது. ஸ்னோபால் என்ற, பல மொழிகளுக்கான ஸ்டெம்மர் தொகுப்பில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. ஆனால் தமிழ் லேசில் பிடிகொடுக்காது: ‘மரத்தில்’ என்பதில் ‘இல்’லை எடுத்தால் மிஞ்சுவது ‘மரத்து’, ‘மரம்’ அல்ல. ரொம்பச் சீவினாலும் ஆபத்து; சம்பந்தமில்லாத சொற்கள் ஒன்றாகிவிடும். வரவேண்டியவை விடுபடாமல் வருவது ரீகால், வந்தவை பொருத்தமாக இருப்பது பிரிசிஷன். ஒன்றை இழுத்தால் மற்றது பெரும்பாலும் குறையும்.

படி 4: வரிசைப்படுத்துதல். ‘பூனை’ ஆவணம் 3இல் இரண்டு முறை வருகிறது, அதற்கு மதிப்பெண் உண்டு. குறைந்த ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்குக் கூடுதல் எடை. கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்த யோசனை இது. இவற்றோடு ஆவணத்தின் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரம் பிஎம்25. அதன் அளவுருக்களை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். ஆவணத்துக்குச் செய்த அதே வெட்டும் சீவலும் தேடும் சொல்லுக்கும் நடக்கவேண்டும். ‘கொடி’ என்ற சொல்லால் எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் வரவில்லை. கடைசியில் பார்த்தால், ஒரு கோப்பில் ‘ொ’ ஒரே குறியீடாக இருந்தது. இன்னொன்றில் ‘ெ’, ‘ா’ என இரண்டாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. இரண்டு பக்கமும் யூனிகோடு சீராக்கத்தைப் போட்டேன், அதாவது இப்படி இரண்டு விதமாக இருப்பதை ஒரே விதமாக்கினேன். அப்படியும் வரவில்லை. பழைய கோப்புகளை மறுபடி இன்டெக்ஸ் செய்ய மறந்திருந்தேன்.