வராத டிரம்மை அடித்துக் கழற்றாதீர்கள்: வீட்டு பிரேக் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீல் நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை எடுத்து ஓரமாக வைத்தாயிற்று. ஷூ (டிரம்மின் உட்புறத்தில் அழுத்திக் காரை நிறுத்தும் வளைந்த பட்டை) மாற்றலாம் என்று, சக்கரத்தோடு சுற்றும் சட்டியான பின் டிரம்மைப் பிடித்து இழுத்தால், வெல்டு வைத்த மாதிரி நிற்கிறது. பலர் பெரிய சுத்தியைத் தேடுவது இந்த இடத்தில்தான். டிரம்மின் உதடு உடைவது, ஷூவைப் பிடித்திருக்கும் ஊசி பிய்ந்து வருவது, பேரிங் அடிவாங்கி ஒரு மாதம் கழித்து உறுமத் தொடங்குவது எல்லாம் அந்தச் சுத்தியால் வருகிற வினை. டிரம் எங்கே பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கையை ஓங்கக் கூடாது. அது பிடிக்கக்கூடிய இடங்கள் மிகச் சில. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். திருவான்மியூர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற இடங்களில் உப்புக் காற்றே போதும், ஹப்புக்கும் (சக்கரம் பூட்டும் நடுப் பகுதி) டிரம்முக்கும் நடுவில் துரு கட்டிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஹேண்ட் பிரேக் போட்டபடி இரண்டு மூன்று வாரம் நின்ற காரில், ஷூவே டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் மாதிரி ஒரு வெள்ளத்தில் சக்கரம் முங்கிய கார் என்றால் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று நினைத்து வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் காரை நிறுத்தும் விதம். பின் பிரேக் வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை இறக்கியாக வேண்டும். அதனால் காரைப் பிடிக்க வேறு ஏற்பாடு தேவை. சமதளமான சிமெண்டுத் தரை, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை, முன்சக்கர டிரைவ் கார் என்றால் முதல் கியர். ஜாக்கியால் தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள், கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள். வராத டிரம்மைக் கழற்றும்போது கார் குலுங்கும். வெறும் ஜாக்கியில் நிற்கும் கார் அந்தக் குலுக்கலில் சரிந்துவிடும். இதில் சமரசமே கிடையாது.

நட்டைக் கழற்றாமல் இழுப்பது

டிரம்மின் நடுவில் தகரக் குல்லா மாதிரி ஒரு மூடி இருந்தால், அதைக் கழற்றிப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். ஆல்ட்டோ, பழைய ஸ்விஃப்ட் போன்ற மாருதி சிறிய கார்கள் பலவற்றில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கும். நடு நட்டைக் கழற்றாமல் எவ்வளவு அடித்தாலும் அது வராது, வரவும் கூடாது. டொயோட்டா, ஹோண்டா கார்கள் பலவற்றில் டிரம் தனி, ஹப் தனி. அங்கே வீல் போல்ட்டுகளின் மேல் செருகி வைத்த ஒரு சட்டிதான் டிரம்.

மாருதி வகையில் மூடியைச் சுற்றிலும் உளியால் மெல்லத் தட்டினால் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் நட்டின் உதட்டை ஸ்பின்டிலின் (டிரம் சுற்றும் அச்சுத் தண்டு) பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள். அந்த மடிப்பைப் பஞ்ச் வைத்து நிமிர்த்தாமல் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டால் ஸ்பின்டில் மரை நாசமாகிவிடும். மலிவான நட்டைக் கழற்றும் அவசரத்தில் ஸ்பின்டிலுக்குச் செலவு வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த நட்டு 100 நியூட்டன் மீட்டரோ அதற்கும் மேலோ முறுக்கப்பட்டிருக்கும். எனவே சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்திவிட வேண்டும். கார் ஸ்டாண்டில் நிற்கையில் நீளக் குழாய் போட்டு உந்துவது ஆபத்து. திரும்பப் பூட்டும்போது புது நட்டுதான். ஒருமுறை மடக்கிய உதட்டை மறுபடி மடக்கினால் பிடிமானம் இருக்காது.

நட்டு வந்து, ஷூவும் பிடிக்கவில்லை என்று கீழே சொல்லும் சோதனையில் தெரிந்த பிறகும் டிரம் வராவிட்டால் இந்த வகைக்கு ஸ்லைடு ஹேமர்தான் சரியான கருவி. அதன் தட்டை வீல் போல்ட்டுகளில் பூட்டி, தண்டில் ஓடும் குண்டை வேகமாகப் பின்னுக்கு இழுத்தால் டிரம் நேராக வெளியே வரும். சில நேரம் பேரிங்கின் உள்வளையம் மட்டும் ஸ்பின்டிலில் தங்கிவிடும். அப்படி ஆனால் அந்தப் பேரிங்கை மீண்டும் போடாதீர்கள்.

கை சொல்லும் சேதி

எல்லா வகைக்கும் ஒரே சோதனை; மாருதி வகையில் நடு நட்டைக் கழற்றிய பின் செய்யுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றுங்கள், பிறகு இரு கையாலும் பிடித்து நேராக இழுங்கள். கை மூன்றில் ஒன்றைச் சொல்லும்.

சுற்றவே இல்லை என்றால் ஷூ பிடித்திருக்கிறது, அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் அதன் உறைக்குள் துருப்பிடித்து இறங்காமல் நிற்கிறது. சுற்றுகிறது, இழுத்தால் நாலைந்து மில்லிமீட்டர் வந்து, விட்டதும் ஸ்பிரிங் மாதிரி உள்ளே போய்விடுகிறது என்றால் ஷூ டிரம்மின் விளிம்பில் மாட்டுகிறது. தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் இம்மியும் வெளியே வரவில்லை என்றால் நடு ஓட்டையில் துரு.

இரண்டாவது நிலைமையில்தான் மிக அதிகமாகப் பொருள் உடைகிறது. லைனிங் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பொருள்) தேய்கிற இடத்தில் டிரம்மும் தேயும். லைனிங் படாத ஓரம் தேயாமல் மேடாக நிற்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் அந்த மேடு நகத்தில் இடறும். ஷூ அந்தப் பள்ளத்துக்குள் விரிந்து உட்கார்ந்திருக்கும்போது டிரம்மை இழுத்தால், ஷூவும் கூடவே வரப் பார்க்கும். இழுவை முழுவதும் ஷூவைப் பேக் பிளேட்டோடு (டிரம்முக்குப் பின்னால் உள்ள நிலையான தகடு) பிடித்திருக்கும் மெல்லிய ஊசியின் மேல் விழும். ஊசி அறுந்து, ஸ்பிரிங் தெறித்து, டிரம் கையோடு வந்துவிடும். கழற்றிவிட்டோம் என்று தோன்றும். அந்த ஒரு ஊசிக்காகக் கடை கடையாக அலையும்போதுதான் விலை தெரியும்.

ஷூவை உள்ளே சுருக்குவதே இதற்கு வழி. பேக் பிளேட்டின் பின்புறம் சிறிய ரப்பர் அடைப்பான் இருக்கும். ஷூவின் விரிவைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் நட்சத்திரப் பல் சக்கரம் வைத்தது என்றால், அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போக வேண்டும். ஒன்று பல்லைத் தடுக்கும் நெம்புகோலைச் சற்றுத் தள்ளிப் பிடிக்க, மற்றது பல் சக்கரத்தைச் சுற்ற. நெம்புகோலைத் தள்ளாமல் சுற்ற முயன்றால் பல் மழுங்கிவிடும். எந்தப் பக்கம் சுற்றுவது என்று குழம்ப வேண்டாம். நாலைந்து பல் சுற்றிவிட்டு டிரம்மைக் கையால் திருப்புங்கள். முன்பைவிட இறுகியிருந்தால் திசை தவறு. சுசூகி வடிவமைப்பு பலவற்றில் இந்தப் பல் சக்கரமே கிடையாது. அங்கே அந்த ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு, ஷூவைப் பிடிக்கும் ஸ்பிரிங்கை நகர்த்தி, அதன் மேல் முட்டி நிற்கும் ஹேண்ட் பிரேக் நெம்புகோலை விடுவிக்க வேண்டும். அது விடுபட்டால் ஷூ இன்னும் சற்று உள்ளே போகும். டிரம் வழுக்கிக்கொண்டு வரும். கேபிளே இறங்காத காரில் முதலில் காருக்குள் ஹேண்ட் பிரேக்கின் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைத் தளர்த்துங்கள்.

துருப்பிடித்த நடு ஓட்டை

இங்கேதான் சுத்திக்கும் எண்ணெய்க்கும் வேலை. ஊடுருவும் எண்ணெய் என்று தனியாக விற்பதை வாங்குங்கள். சாதாரண நீல டப்பா டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட உருவாக்கப்பட்டது. இறுகிய துருவுக்குள் இறங்க அதைவிடப் பொருத்தமானவை கிடைக்கின்றன. ஹப்பின் கழுத்து டிரம்முக்குள் நுழையும் வட்டக் கோட்டிலும், போல்ட்டுகளைச் சுற்றிலும் கொஞ்சமாக அடியுங்கள். கால் மணி நேரம் விடுங்கள், மறுபடி அடியுங்கள். முடிந்தால் முந்தின நாள் இரவே ஒருமுறை அடித்து வைப்பது நல்லது. தாராளமாகக் கொட்டினால் அது போல்ட் ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கி லைனிங்கை நனைக்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

தட்டும் இடம் முக்கியம். போல்ட்டுகளுக்கு இடையே உள்ள தட்டையான முகத்தில், ஒரு கிலோ அளவுள்ள சுத்தியால், ஒரு போல்ட் இடைவெளி விட்டு அடுத்தது என்று சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். கட்டியிருக்கும் துருவை அதிர்வில் உதிர்க்கத்தான் இந்தத் தட்டல். முதலில் மந்தமாகக் கேட்கும் சத்தம், துரு விட்டதும் கணீரென்று மாறும். அந்த மாற்றத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஓரத்தில் பின்னாலிருந்து அடித்து வெளியே தள்ளுவது வேண்டாம். டிரம் வார்ப்பு இரும்பு, அடித்தால் வளையாது, சில்லாகப் பெயரும். தட்டும் நேரம் முழுவதும் இரண்டு வீல் நட்டுகளை நாலைந்து மரை மட்டும் திருகி வைத்திருங்கள். டிரம் திடீரென்று விட்டுவிட்டால் உங்கள் காலில் விழாது, போல்ட் மரையும் காக்கப்படும்.

தட்டுவதைவிட நல்ல வழி ஒன்றை டிரம்மே வைத்திருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பல டிரம்களின் முகத்தில் எதிரெதிரே மரை போட்ட இரண்டு சிறு ஓட்டைகள் இருக்கும். டொயோட்டா, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் எம்8, 1.25 மரை (8 மில்லிமீட்டர் போல்ட், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர்). இரண்டு போல்ட்டுகளைச் சமமாகத் திருகினால் அவை ஹப்பை முட்டி டிரம்மை வெளியே தள்ளும். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் இதற்கு வேண்டிய போல்ட் எளிதாகக் கிடைக்கும். 12 அல்லது 13 நம்பர் ஸ்பேனரில் திரும்பும். இதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: ஒரு பக்கத்தையே முறுக்கிக்கொண்டு போவது. டிரம் சாய்ந்து இன்னும் இறுகும், போல்ட் ஓட்டையின் மரையைச் சாப்பிட்டுவிடும். முதலில் துருவை ஓட்டையிலிருந்து சுத்தம் செய்து, போல்ட்டில் துளி கிரீஸ் வைத்து, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகுங்கள். போல்ட் கனத்தால் நிறுத்துங்கள், முகத்தில் தட்டுங்கள், பிறகு தொடருங்கள்.

சூடு கடைசி ஆயுதம். 60 மில்லிமீட்டர் ஓட்டை 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் விரியும். துருவின் பிடியை உடைக்க அது போதும். ஆனால் சூடு டிரம்மின் நடு வளையத்தில் மட்டும், வேகமாக ஏற வேண்டும். மெதுவாகச் சூடாக்கினால் ஹப்பும் சேர்ந்து விரிந்து பலன் இல்லாமல் போகும். பேரிங் கிரீஸ், சீல், வீல் சிலிண்டர் (ஷூவை விரிக்கும் பிஸ்டன் உள்ள பகுதி) ரப்பர், ஏபிஎஸ் சென்சார் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. டிரம்மும் பேரிங்கும் ஒன்றாக உள்ள வகையில் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம். இன்னொன்று, குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். டப்பாவைப் படித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் தீயை விட்டுவிடுங்கள்.

டிரம் வந்ததும்

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் கன் வைத்தும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கிலும் மலிவான லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஒரு பக்கம் பூட்டி முடிக்கும் வரை மறுபக்கத்தைக் கழற்றாதீர்கள், ஸ்பிரிங் எது எங்கே என்று பார்க்க அது வேண்டும். டிரம்மில் அதிகபட்ச விட்டம் வார்த்திருக்கும். 180 மில்லிமீட்டர் டிரம்முக்கு வழக்கமாக 182. அதைத் தாண்டியதைத் திரும்பப் போடாதீர்கள்.

முன் டிஸ்க்

டிஸ்க்கும் அதே துருதான், ஆனால் வேறு இரண்டு பொறி உண்டு. ஹோண்டா, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் டிஸ்க்கைச் சிறிய பள்ளத்தலை ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் முதல் திருப்பிலேயே தலை வழுக்கிவிடும். 3 நம்பர் முனை போட்ட, பின்னால் சுத்தியால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். தலை ஏற்கனவே போயிருந்தால் 8 மில்லிமீட்டர் டிரில்லால் தலையை மட்டும் எடுத்துவிட்டு, டிஸ்க் வந்த பின் மீதியைப் பிளையரால் சுற்றி எடுங்கள். டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள். இந்த ஸ்க்ரூ பூட்டும்போது டிஸ்க் நழுவாமல் இருக்க உதவுவது மட்டுமே.

மற்றது, பேட் (டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் கட்டை) உரசும் முகத்தில் அடிப்பது. டிஸ்க்கைத் திரும்பப் போடப் போகிறீர்கள் என்றால் அங்கே ஒரு அடிகூட விழக் கூடாது. கழற்றிய காலிப்பரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) ஹோஸில் தொங்கவிடுவதும் வேண்டாம், கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.

பூட்டும்போது துருவை ஹப் முகத்திலேயே விட்டுவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துருச் செதில் ஒன்று இருந்தாலும், 250 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பில் அந்த ஆட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி, அங்கே மட்டும் டிஸ்க் மெலியும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பெடல் காலில் துடிக்கும். புது டிஸ்க் கோணல் என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் ஹப் முகத்தைப் பாருங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நுண்ணிய எம்ரித் தாளால் பளிச்சென்று ஆக்கி, ஹப்பின் கழுத்தில் மட்டும் துருவில் இறுகாமல் தடுக்கும் ஆண்டி சீஸ் பேஸ்ட்டை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். அடுத்த முறை இந்த வேலையே இருக்காது. வீல் போல்ட் மரையில் அதைத் தடவாதீர்கள். வழுக்கும் மரையில் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) காட்டும் அதே அளவுக்குப் போல்ட் அதிகமாக இழுபடும்.

வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில், காருக்குச் சொன்ன அளவில் முறுக்குங்கள். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர். காரை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்து, ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்து, ஆளில்லாத தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்கத்து ஷூ இன்னும் விடவில்லை. 100 கிலோமீட்டரில் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.