மே 22: ஹார்வி மில்க் நாளில் எங்கே போவது, என்ன செய்வது

மே 22, தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய சான் ஃபிரான்சிஸ்கோ அரசியல்வாதி ஹார்வி மில்க் பிறந்த தேதி. கலிஃபோர்னியாவில் 2010 முதல் அவர் பெயரில் அனுசரிக்கிறார்கள். பள்ளிக்கு விடுமுறை கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சிக் கட்டடமான சிட்டி ஹால் சனி, ஞாயிறு திறக்காது என்பதால், அந்தக் கிழமைகளில் வந்தால் வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள்.

நாங்கள் ஃப்ரீமாண்டிலிருந்து பார்ட் ரயிலில் சிவிக் சென்டர் போய், முனி என்ற நகர ரயிலுக்கு மாறி, மில்க் வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதியில் இறங்குவோம். மேலே வந்ததும் பெரிய வானவில் கொடி தெரியும். சாயங்காலக் காற்று குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

முதலில் காஸ்ட்ரோ தெரு 575. 1973-இல் அவர் கேமரா கடை திறந்த இடம். தேர்தல் வேலையெல்லாம் இங்கேதான் நடந்தது. வாசல் நடைபாதையில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். அதன் அடியில் அவர் அஸ்தியில் கொஞ்சம் இருக்கிறது. மிதிக்காமல் ஓரமாக நின்று படியுங்கள்.

அப்புறம் மார்க்கெட் தெருவோடு சிட்டி ஹாலுக்கு நடங்கள். 1978 ஜனவரியில் பதவியேற்க அவர் ஆதரவாளர்களோடு காஸ்ட்ரோவிலிருந்து நடந்தேதான் போனார். நம்மூர்க் கணக்கில் கவுன்சிலர் பதவி. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லியே ஜெயித்தவர். நாய் அசிங்கம் செய்தால் வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்ற சட்டம் அவர் கொண்டுவந்தது. குழந்தைகளுக்கு இதிலிருந்து ஆரம்பித்தால் ஆர்வமாகக் கேட்பார்கள். அதே வருடம் நவம்பர் 27 அன்று மேயர் மொஸ்கோனியையும் அவரையும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள் என்பதையும் மறைக்காதீர்கள். உள்ளே பெரிய படிக்கட்டு ஏறினால் அவருடைய மார்பளவுச் சிலை. சிரித்த முகம், காற்றில் பறக்கும் டை.

கடைசி வேலை வீட்டில். எனக்கு இதுதான் முக்கியம். தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று 1978-இல் ஒரு சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, வீட்டில், நண்பர்களிடம், வேலையிடத்தில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மில்க் ஊர் ஊராகப் போய்த் தன்பாலீர்ப்பாளர்களிடம் கேட்டார். சட்டம் தோற்றது. என் மூத்த மகன் தன்பாலீர்ப்பாளன். அவன் சம்மதத்தோடு, இந்த நாளில் ஊரில் ஒரு உறவினருக்காவது ஃபோன் செய்து சொல்கிறேன். போன தடவை மதுரையில் பெரியக்காவிடம். சுற்றி வளைக்காமல், நலம் விசாரித்ததுமே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். இங்கே இரவு ஒன்பது மணி சரியான நேரம். அங்கே காலை ஒன்பதரை, சமையல் முடிந்திருக்கும்.