முதல் லீக் ரேஸ் ஓடப் போகிறீர்களா? சிம் ரேசிங்கில் இடிக்காமல், திட்டு வாங்காமல் ஓடி முடிக்கும் வழி

சிம் ரேசிங் என்பது கணினியில் நிஜம் போல ஓட்டும் கார் ரேஸ். அதில் யார் வேண்டுமானாலும் நுழையும் பப்ளிக் லாபியில் யாரையாவது இடித்தால் அவர் யாரென்றே நமக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் வேறு லாபிக்குப் போய்விடலாம். லீக்கில் அந்த வசதி கிடையாது. அதே 25 பேர், அதே கார் நம்பர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு ரேஸ் என்று சீசன் முழுக்க ஓடும். இன்றைக்கு நீங்கள் இடித்தவர் அடுத்த ரேஸில் உங்கள் கண்ணாடியில் தெரிவார்.

லாபியில் ஓடிப் பழகி, முதல் தடவையாக லீக்கில் பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு அசெட்டோ கோர்சா காம்பெடிட்ஸியோனே என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம்; இனிமேல் சுருக்கமாக ஏசிசி. கார் ஜிடி3 (ஸ்போர்ட்ஸ் கார்களை ரேஸுக்காக மாற்றிய வகை), டிராக் இத்தாலியின் மான்ஸா. புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் மான்ஸாவின் முதல் வளைவு. நானும் என் முதல் லீக் ரேஸில் அங்கேதான் மாட்டினேன். அந்தக் கதை கீழே வருகிறது. ஐரேசிங்கோ ஆட்டோமொபிலிஸ்டா 2-வோ மாதிரி வேறு விளையாட்டில் ஓடுபவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

படி 1: விதிப் புத்தகத்தைத் திறங்கள்

சேர்ந்தவுடன் லீக்கின் டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் ஒரு பிடிஎஃப் தருவார்கள். முழுவதும் யாரும் படிப்பதில்லை, தெரியும். மூன்று விஷயத்தை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள். ஒன்று, "ஓவர்லாப்" என்று அந்த லீக் எதைச் சொல்கிறது. உள்பக்கம் நுழைபவரின் முன் சக்கரம் எதிராளியின் கதவு வரை வந்திருந்தால் போதுமா, கண்ணாடி வரை வரவேண்டுமா என்பது லீக்குக்கு லீக் மாறும். பாதிச் சண்டைகள் இந்த ஒரு வரியில்தான் கிளம்புகின்றன. இரண்டு, புகார் கொடுக்க எவ்வளவு நேரம் தருகிறார்கள். மூன்று, வர முடியாவிட்டால் எப்போதுக்குள் சொல்ல வேண்டும்.

விளையாட்டில் உங்கள் பெயரும் பதிவு செய்த பெயரும் கார் நம்பரும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் கணக்கில் தம்பியை உட்காரவைத்து ஓட்டச் சொல்வது எல்லா லீக்கிலும் பெரிய குற்றம். 2020 மே மாதம் மின்சாரக் கார் ரேஸ் தொடரான ஃபார்முலா ஈ நடத்திய ஆன்லைன் ரேஸ் ஒன்றில் ஜெர்மன் ஓட்டுநர் டேனியல் ஆப்ட் தனக்குப் பதிலாக ஒரு சிம் ரேசரை ஓட்டவைத்தார். மூன்றாவதாக வந்தது தகுதி நீக்கமாக முடிந்தது. 10,000 யூரோ அறக்கொடைக்குக் கட்டவேண்டி வந்தது. ஆடி அணி அவரை இடைநீக்கம் செய்தது. விளையாட்டுதானே என்று அவர் நினைத்திருக்கலாம்.

படி 2: கடிகாரத்தைச் சரிபாருங்கள்

ஐரோப்பிய லீக்கில் சேரும் நம் ஆட்கள் முதலில் கோட்டைவிடுவது இதில்தான். மத்திய ஐரோப்பாவில் இரவு 8 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இந்திய நேரப்படி நள்ளிரவு 12.30; கோடையில் 11.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்ற மாட்டோம். சீசன் நடுவில் ஒரு மணி நேரம் நழுவிவிடும். 12.30 என்றால் தேதியும் மாறிவிடுகிறது. "வியாழக்கிழமை ரேஸ்" என்பது நமக்கு வெள்ளிக்கிழமை பிறந்தபிறகு.

படி 3: வேகத்தைத் தேடாதீர்கள், இருபது சுற்று ஓடுங்கள்

ஒரே ஒரு வேகமான சுற்றுக்காக இரவெல்லாம் உட்கார்ந்து பயன் இல்லை. ரேஸில் எவ்வளவு பெட்ரோல் இருக்குமோ அவ்வளவு ஊற்றிக்கொண்டு, டிராக்கை விட்டு வெளியே போகாமல், சுழலாமல், தொடர்ந்து இருபது சுற்று ஓடிப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓடி மறுபடி முயலுங்கள். உங்களைவிட இரண்டு வினாடி மெதுவானவரை லீக்கில் யாரும் வெறுப்பதில்லை. எந்த வளைவில் என்ன செய்வார் என்று தெரியாதவரைக் கண்டால்தான் மற்றவர்கள் ஒதுங்குவார்கள்.

இணைப்பையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இங்கிருந்து ஐரோப்பிய சர்வருக்குப் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 100 மில்லி செகண்டைத் தாண்டும். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஒரு கார் வினாடிக்கு 69 மீட்டர் ஓடுகிறது. அந்த 100 மில்லி செகண்டில் ஏறக்குறைய 7 மீட்டர். ஒரு ஜிடி3 காரின் நீளத்தைவிட அதிகம். அந்த இடைவெளியை விளையாட்டு ஊகித்துத்தான் நிரப்புகிறது. உங்கள் திரையில் ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது அவர் திரையில் ஏற்கெனவே இடி விழுந்திருக்கும். தொலைவில் இருந்து ஓடுபவர்கள் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுவது நல்லது. வைஃபையை மறந்துவிட்டு கேபிள் போடுங்கள். வீட்டில் யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: வாயைக் கட்டுங்கள்

குவாலிஃபையிங் (யார் எந்த இடத்தில் இருந்து கிளம்புவது என்று தீர்மானிக்கும் சுற்றுகள்) தொடங்கியதிலிருந்து ரேஸ் முடியும்வரை சாட்டில் எதுவும் எழுதக் கூடாது என்பது பெரும்பாலான லீக்குகளின் விதி. வளைவில் திரும்பிக்கொண்டிருப்பவர் திரையில் உங்கள் "சாரி" வந்து விழுந்தால் அவருக்கும் கவனம் சிதறும். மைக்கை எப்போதும் பொத்தானை அழுத்தினால் மட்டும் பேசும்படி வையுங்கள்.

2020 ஏப்ரலில் நாஸ்கார் என்ற அமெரிக்க கார் ரேஸ் தொடரின் ஓட்டுநர் கைல் லார்சன் ஐரேசிங்கில் ஒரு ரேஸ் ஓடிக்கொண்டிருந்தார், அதுவும் இதே மான்ஸா டிராக்கில். தனக்கு வழி சொல்லும் உதவியாளரிடம் மட்டும் பேசுவதாக நினைத்து ஒரு இனவெறிச் சொல்லைச் சொன்னார். அது எல்லோருக்கும் கேட்டது. நாஸ்கார் இடைநீக்கம் செய்தது, இரண்டே நாளில் அணியும் வெளியே அனுப்பியது. மறு ஆண்டு வேறு அணியில் வந்து சாம்பியன் பட்டம் வென்றார் என்பது வேறு கதை.

படி 5: குவாலிஃபையிங்

இங்கே ஒரே ஒரு மரியாதைதான். வேகச் சுற்றில் இருப்பவருக்கு வழி விடுங்கள். டயர் சூடேற்ற மெதுவாகப் போகிறீர்கள் என்றால் வளைவில் நிற்காதீர்கள், நேர்ச்சாலையில் ஓரமாக விலகுங்கள். மான்ஸாவில் ஸ்லிப்ஸ்ட்ரீம் பிடிக்க, அதாவது முன்னால் போகும் காருக்குப் பின்னால் காற்றுத்தடை குறைவாக ஓட, எல்லோரும் கடைசி வளைவான பராபோலிகாவுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். சுற்று கெட்டுப்போனால் டிராக் நடுவில் எஸ்கேப் பொத்தானைத் தட்டி மறைவதையும் தவிர்த்துவிடுங்கள், ஓரமாக ஒதுங்கிவிட்டுத் தட்டுங்கள்.

படி 6: ஸ்டார்ட்டும் முதல் வளைவும்

ஏசிசியில் இரண்டு வரிசையாக ஓடிக்கொண்டே ஸ்டார்ட். திரையில் உங்கள் இடம் எது என்று காட்டும்; அதைவிட்டு முந்தவோ பின்தங்கவோ கூடாது. பச்சை விளக்கு எந்த நொடியில் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. முன்னால் இருப்பவர் வேகமெடுப்பதைப் பார்க்காமல் பச்சையை மட்டும் பார்த்துக் காலை அழுத்தினால் அவர் பம்பரில் போய் நிற்பீர்கள்.

இப்போது என் கதை. 19-வது இடத்தில் இருந்து கிளம்பினேன். பயிற்சியில் நூறு தடவை பிரேக் அடித்த அதே பலகைக்குப் (வளைவுக்கு எவ்வளவு தூரம் என்று காட்டும் பலகை) பக்கத்தில், அதே பலத்தில் அடித்தேன். கார் நிற்கவில்லை. முன்னால் இருந்தவரை இடித்து, அவர் இன்னொருவரை இடித்து, நான்கு கார் குறுக்கே கிடந்தது. நான் முதலில் இடித்தவர் சாம்பியன்ஷிப்பில் மூன்றாவதாக இருந்தவர்.

ஏன் நிற்கவில்லை? ரீப்ளேயைப் பார்த்தபோதுதான் புரிந்தது. முன்னால் கார்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் வரும் நம் வேகம் வழக்கத்தைவிட அதிகம். அதே காரணத்தால் காரைத் தடுத்து நிறுத்த உதவும் காற்றும் குறைவு, தரையோடு அழுத்தும் விசையும் குறைவு. டயரும் பிரேக்கும் இன்னும் சூடாகவில்லை. இதெல்லாம் போதாதென்று, முதல் கார் பிரேக் அடித்தவுடன் வரிசை மொத்தமும் சுருங்கும். இருபதாவது ஆள் வரும்போது வளைவில் கார்கள் ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும். அதாவது தனியாக ஓடும்போது பிடித்துவைத்த பலகைக் கணக்கு முதல் சுற்றுக்கு உதவாது.

ஆகவே முதல் சுற்றில் இப்படிச் செய்யுங்கள். வழக்கமான இடத்துக்கு ஐம்பது மீட்டர் முன்னாலேயே பிரேக்கைத் தொடுங்கள். முன்னால் இருப்பவருக்கு நேர் பின்னால் இல்லாமல் அரை கார் அகலம் தள்ளி இருங்கள். அவர் திடீரென்று அடித்தாலும் உங்களுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கும். அப்படியும் நிற்காது என்று தெரிந்தால் வளைவுக்குள் திருப்பாதீர்கள். மான்ஸா முதல் வளைவில் நேராகப் போகத் தப்பிக்கும் சாலை இருக்கிறது, அதில் போய்விட்டு, சேரும்போது வழி விட்டு மெதுவாகச் சேருங்கள். இரண்டு இடம் போகும். நான்கு பேர் ரேஸ் பிழைக்கும்.

படி 7: பக்கத்தில் பக்கத்தில்

முந்துவது பின்னால் வருபவரின் பொறுப்பு. பிரேக் அடிக்கும் இடத்துக்கு வரும்போதே பக்கத்தில் இருக்க வேண்டும். எதிராளி திரும்பத் தொடங்கியபிறகு உள்ளே மூக்கை நுழைப்பதை டைவ் பாம்ப் என்பார்கள். பக்கத்தில் வரும் காரைத் திரையில் காட்டும் அவருடைய ரேடாரில் நீங்கள் தெரிவதற்குள் இடி விழுந்துவிடும்.

தடுத்து ஓடுபவருக்கும் கணக்கு உண்டு. சர்வதேச விதியே இதைச் சொல்கிறது: தடுப்பதற்காக ஒரு முறைதான் திசை மாறலாம். தடுக்க விலகியவர் ரேசிங் லைனுக்கு, அதாவது வேகமாகப் போக உகந்த பாதைக்கு, திரும்பும்போது டிராக் ஓரத்தில் ஒரு கார் அகலமாவது விட வேண்டும். பிரேக் அடிக்கும்போது பாம்பு போல நெளிவது மோசம். பின்னால் இருப்பவருக்கு அப்போது தப்பிக்க வழியே இல்லை.

ஷிகேனில், அதாவது அடுத்தடுத்து எதிரெதிர்ப் பக்கம் திரும்பும் வளைவில், இது இன்னும் நுணுக்கமாகும். மான்ஸாவின் முதல் வளைவு அப்படித்தான்: முதலில் வலப்பக்கம், உடனே இடப்பக்கம். நீங்கள் உள்ளே வலப்பக்கமும் அவர் வெளியே இடப்பக்கமுமாகப் போகிறீர்கள் என்று வையுங்கள். முதல் பாதியை நீங்கள் ஜெயித்தது போலத் தெரியும். அடுத்த நொடியில் வளைவு இடப்பக்கம் திரும்புகிறது. இப்போது உள்பக்கம் அவருடையது. அவர் இன்னும் பக்கத்தில் இருந்தால் நீங்கள் இடது கரையை வெட்ட முடியாது, ஒரு கார் அகலம் விட்டே ஆக வேண்டும். புதியவர்கள் இங்கே முன்னால் இருப்பதாக நினைத்துத் திருப்பி, அவரைப் புல்லில் தள்ளிவிட்டு, "நான்தானே முன்னால் இருந்தேன்" என்று கேட்பார்கள்.

உங்கள் தவறால் அவர் சுழன்றுபோனால், முந்திய இடத்தைத் திருப்பிக் கொடுங்கள். பாதுகாப்பான ஓரத்தில் வேகத்தைக் குறைத்து அவர் வரும்வரை காத்திருங்கள். பல லீக்குகளில் இதைச் செய்தாலே தண்டனை குறையும்.

படி 8: சுழன்றுவிட்டால்

பிரேக்கை முழுசாக அழுத்திப் பிடியுங்கள். சுழல்கிற காரைக் காப்பாற்றலாம் என்று பிரேக்கை விட்டால் அது உருண்டு டிராக்கின் குறுக்கே வரும். பின்னால் வருபவர் நீங்கள் நிற்பீர்கள் என்று கணக்குப் போட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பார். நேராக அந்தப் பக்கமே போய் விழுவீர்கள். நின்றபிறகு அவசரம் வேண்டாம். வரைபடத்தில் கார்கள் எல்லாம் கடந்துபோகட்டும், பிறகு ஓரமாகச் சேருங்கள். திரும்பச் சேரும்போது ஏற்படும் இடிக்கு அநேகமாகச் சேர்ந்தவர் மேல்தான் பழி.

நீலக் கொடி பற்றி ஒரு வார்த்தை. ஒரு சுற்று முந்திய கார் வருகிறது என்று அர்த்தம். பதறி லைனை விட்டுத் திடீரென்று விலகாதீர்கள். உங்கள் லைனிலேயே ஓடி, நேர்ச்சாலையில் லேசாக ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், அவரே கடந்துகொள்வார். கட்டாயம் வழி விட வேண்டுமா என்பதில் லீக்குகள் வேறுபடும், புத்தகத்தில் பாருங்கள்.

படி 9: புகார்

ரேஸ் முடிந்ததும் ரீப்ளேயைச் சேமியுங்கள், விளையாட்டை மூடுமுன். பிறகு தூங்கப் போங்கள். கோபத்தில் இரவு ஒன்றரை மணிக்கு எழுதிய புகாரைக் காலையில் படித்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். பொதுச் சேனலில் அந்த ஆளின் பெயரைப் போட்டு எதுவும் எழுதாதீர்கள். அதற்கே தனித் தண்டனை உண்டு.

நல்ல புகார் இப்படி இருக்கும் (ரோஜியா என்பது மான்ஸாவின் இரண்டாவது ஷிகேன்):

"சுற்று 7, ரோஜியா ஷிகேன். ரேஸ் நேரம் 13 நிமிடம் 40 வினாடி. கார் 27 (நான்), கார் 44. பிரேக் இடத்தில் 44 என் பின் சக்கரத்துக்கு நேராக இருந்தது. நான் திரும்பத் தொடங்கியபிறகு உள்ளே வந்து இடது பின்பக்கத்தில் தொட்டது. நான் சுழன்று ஐந்து இடம் இழந்தேன். இரண்டு காரின் உள்கேமராவும் மேலிருந்து எடுத்ததும் இணைப்பில்."

அவ்வளவுதான். "வேண்டுமென்றே", "எப்போதும் இவர் இப்படித்தான்" எல்லாம் வேண்டாம். அதை முடிவுசெய்யத்தான் புகாரை விசாரிக்கும் ஸ்டீவர்டுகள் இருக்கிறார்கள். அவர்களும் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து வந்து இருபது வீடியோ பார்ப்பவர்கள். "ரேசிங் இன்சிடென்ட்" என்று தீர்ப்பு வந்தால் யார் மேலும் பெரிய தவறு இல்லை என்று அர்த்தம். பிடிக்காவிட்டாலும் மேல்முறையீட்டு வழி இருந்தால் அதில் மட்டும் போங்கள்.

என் வழக்கில் நானே என் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன், இடிபட்டவருக்குத் தனியாக மன்னிப்பும் கேட்டேன். தண்டனை: அடுத்த ரேஸ் கடைசி இடத்தில் இருந்து. அன்றைக்கு என் முன்னால் 24 காரின் பிரேக் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நான் பிடித்துவைத்திருந்த பலகை வருவதற்கு வெகு முன்னாலேயே எரிந்தன.