பெயரை அழித்தால் போதுமா? தரவைப் பொதுவில் வைக்கும் முன் செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பு முடிந்தது. கட்டுரையோடு தரவையும் பொதுவில் வைக்கச் சொல்கிறார்கள். பெயர், கைபேசி எண் இரண்டையும் அழித்துவிட்டு ஃபைலை அப்லோடு செய்வதுதான் பரவலான வழக்கம். அது போதாது என்பது 1990களிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது எம்ஐடி மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, அம்மாநில ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி கொண்டவர்கள் பட்டியலில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவரே. அவ்வளவுதான், ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது.

பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினர் தனியாகத் தெரிவார்கள் என்று 2000இல் ஸ்வீனி கணக்கிட்டார். 2006இல் பிலிப் கோல் அதையே மறுபடி கணக்கிட்டு 63 சதவீதம் என்றார். எந்த எண் சரி என்பது ஆய்வாளர்களின் சண்டை. தரவை வெளியிடுபவருக்குப் பாதிக்கு மேல் என்பதே போதுமான எச்சரிக்கை.

முதலில் நெடுவரிசைகளைப் பிரியுங்கள்

ஃபைலில் உள்ள ஒவ்வொரு நெடுவரிசையையும் மூன்று குவியலில் ஒன்றில் போடுங்கள். பெயர், எண், மின்னஞ்சல், கணக்கு எண் போன்றவை நேரடி அடையாளம். வயது, பாலினம், ஊர், தொழில், சேர்ந்த தேதி போன்றவை மறைமுக அடையாளம். நோய், வருமானம், கருத்து போன்றவை யாருக்கும் தெரியக்கூடாத விவரம். குழப்பம் வருவது நடுக்குவியலில்தான். ஒரு விவரம் அதில் சேருமா என்று தெரிய ஒரே கேள்வி: பக்கத்து வீட்டுக்காரருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ இது தெரிந்திருக்குமா? தெரியும் என்றால் மறைமுக அடையாளம். ‘மருத்துவமனையில் சேர்ந்த தேதி’ வெறும் நிர்வாக விவரம்போல இருக்கும். தெருவில் ஆம்புலன்ஸ் வந்த நாளைப் பார்த்தவருக்கு அதுவே சாவி.

நேரடி அடையாளங்களை நீக்குங்கள். ஒரே ஆளின் பல வரிகளை இணைக்க ஓர் எண் வேண்டுமென்றால், குலுக்கல் முறையில் எடுத்த புதிய எண்ணைக் கொடுங்கள். பழைய எண்ணை ஹாஷ் செய்து (ஒரு சூத்திரத்தால் வேறு குறியீடாக மாற்றி) போடாதீர்கள். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே ஹாஷ்தான் வரும். நியூயார்க் நகர டாக்சிப் பயணங்கள் 17 கோடிக்கு மேல் 2014இல் வெளியானபோது, வண்டி எண்களை எம்டி5 என்ற சூத்திரத்தால் ஹாஷாக மாற்றியிருந்தார்கள். ஆனால் அந்த வடிவில் அமையக்கூடிய வண்டி எண்கள் மொத்தமே சில கோடிதான். எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட ஒரு சாதாரணக் கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். எம்டி5க்குப் பதில் அதைவிட வலுவான எஸ்எச்ஏ-256 போட்டிருந்தாலும் கதை இதேதான். பழுது ஹாஷில் இல்லை, எண்கள் குறைவு. பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கும் இது அப்படியே பொருந்தும். ஹாஷ்தான் வேண்டுமென்றால் ரகசியச் சாவி சேர்த்த எச்மேக் முறையைப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் சாவியை அழித்துவிடுங்கள்.

வரிகளின் வரிசையையும் கலைத்துப் போடுங்கள். பெயர் அகர வரிசையில் அடுக்கிய ஃபைலில் பெயரை மட்டும் எடுத்தால், வரிசை அப்படியே மிஞ்சும்.

‘வேறு கருத்துகள்’ என்ற பெட்டி

மனிதர்கள் கையால் எழுதிய பதில்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை. பெயர்ப் பட்டியல் வைத்துத் தேடி அழிப்பது தமிழில் இன்னும் சிக்கல். ‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனுக்கு’, ‘முருகனோட’ இரண்டும் சிக்காது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் கடைசிப் புள்ளி போய்விடுகிறது, கணினிக்கு அது வேறு எழுத்துத் தொடர். ‘முருக’ என்று வெட்டித் தேடினால் ‘முருகல்’ தோசையும் மாட்டும். ‘எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு பொம்பள டிரைவர் நான்தான்’ என்ற பதிலில் பெயரே இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார். எங்கள் பரிந்துரை எளியது: எழுத்துப் பதில்களை வெளியிடாதீர்கள். இருவர் தனித்தனியாகப் படித்து வகை பிரித்து, அந்த வகைகளை மட்டும் வெளியிடுங்கள்.

எண்ணிப் பாருங்கள்

இதுதான் மைய வேலை. மறைமுக அடையாள நெடுவரிசைகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தொகுத்து, ஒவ்வொரு சேர்க்கையிலும் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். எக்செல் பிவட் டேபிளே போதும். எண்ணிக்கை 1 என்று வரும் ஒவ்வொரு வரியும் வெளியில் தெரியும் ஓர் ஆள்.

உதாரணத்துக்கு 1,200 வரி கொண்ட ஒரு கணக்கெடுப்பில் ‘34 வயது, பெண், முழு அஞ்சல் குறியீடு, கால்நடை மருத்துவர்’ என்று ஒரு வரி இருக்கிறது. இப்படி ஒருவர்தான் இருப்பார். வயதை ‘30–39’ ஆக்குங்கள், அஞ்சல் குறியீட்டின் கடைசி இலக்கங்களை வெட்டுங்கள், தொழிலை ‘மருத்துவத் துறை’ ஆக்குங்கள். இப்போது அவரோடு ஏழெட்டுப் பேர் நிற்கலாம். இப்படிக் குழுவுக்குள் ஆளை மறைக்கும் முறைக்குக் கே-அனானிமிட்டி என்று பெயர். மிகச் சிறிய குழுவின் அளவைத்தான் அதில் ‘கே’ என்கிறார்கள். பொதுவெளிக்குக் குறைந்தது 5 என்று வைக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் தரவில் 11க்குக் குறைவான எண்ணிக்கை எதையும் காட்டக்கூடாது. இப்படிப் பட்டைகளை விரித்த பிறகும் அடங்காத சில வரிகள் மிஞ்சும். அந்தச் சில வரிகளுக்காக எல்லோருடைய வயதையும் இருபது ஆண்டுப் பட்டைகளாக்கித் தரவைப் பாழாக்குவதைவிட, அவற்றை எடுத்துவிடுவது மேல். எத்தனை வரி நீக்கினீர்கள் என்று குறிப்பில் எழுதுங்கள். கையால் செய்ய முடியாத அளவு பெரிய தரவுக்கு ஏஆர்எக்ஸ், எஸ்டிசி மைக்ரோ என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

குழு பெரிதாகிவிட்டால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். ஒரு குழுவில் ஆறு பேர் இருந்து ஆறு பேருக்கும் ஒரே நோய் என்றால், நம் ஆள் எந்த வரி என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை. எனவே ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ரகசிய விவரம் எத்தனை விதமாக இருக்கிறது என்றும் எண்ண வேண்டும். ஒன்றே என்றால் குழுவை இன்னும் விரியுங்கள்.

சுருக்க அட்டவணை மட்டும் வெளியிடுபவர்கள் மாட்டுவது கூட்டல் கணக்கில். ஒரு வரியில் மூன்று பிரிவு: 21, 16, ‘5க்குக் கீழ்’. கடைசியில் மொத்தம் 40. கழித்தால் 3. மறைத்த கட்டம் தானாக வெளியே வந்துவிட்டது. ஒரு கட்டத்தை மறைத்தால் அதே வரியில் இன்னொன்றையும், அதே நெடுவரிசையில் இன்னொன்றையும், அந்த இரண்டுக்கும் எதிரே சந்திக்கும் நான்காவது கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது மொத்தத்தைத் தோராயமாக்க வேண்டும்.

எண்ணினாலும் அடங்காத தரவு

நடமாட்டப் பதிவு, தேடல் பதிவு, படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண் போன்றவற்றில் மேலே சொன்ன முறை உடைந்துவிடும். ஒவ்வொரு வரியும் மறைமுக அடையாளம்தான். நெட்ஃபிளிக்ஸ் 2006இல் போட்டிக்காக வெளியிட்ட சுமார் 4,80,000 பேரின் மதிப்பெண்களை எடுத்து அரவிந்த் நாராயணனும் விடாலி ஷ்மாட்டிகோவும் ஆராய்ந்தார்கள். ஒருவர் கொடுத்த எட்டு மதிப்பெண்கள் தெரிந்தால், அதில் இரண்டு தவறாக இருந்தாலும், தேதியில் இரண்டு வாரப் பிழை இருந்தாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனியாகப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். 15 லட்சம் பேரின் கைபேசி நடமாட்டத்தை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகளே 95 சதவீதத்தினரைப் பிரித்துக் காட்டின. இத்தகைய மூலத்தரவைப் பொதுவில் வைக்காதீர்கள். ஒப்பந்தம் போட்டுக் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள், அல்லது எண்ணிக்கைகளை மட்டும் இரைச்சல் (வேண்டுமென்றே கலக்கும் சிறு தற்செயல் பிழை) சேர்த்து வெளியிடுங்கள்.

இரைச்சல் சேர்ப்பது

2006இல் சிந்தியா டுவொர்க் உள்ளிட்ட நால்வர் முன்வைத்த டிஃபரென்ஷியல் பிரைவசியின் அடிப்படை இது: ஓர் ஆள் தரவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியாகும் விடை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்க வேண்டும். எந்த அளவுக்கு என்பதை எப்சிலான் என்ற எண் தீர்மானிக்கும். சிறியதாக இருந்தால் காப்பு அதிகம்.

கணக்கு இப்படி. ஒருவர் சேர்ந்தால் எண்ணிக்கை 1 மாறும். அந்த 1ஐ எப்சிலானால் வகுத்தால், லாப்லாஸ் என்ற புள்ளியியல் பரவலிலிருந்து எடுக்கும் இரைச்சலின் அளவு கிடைக்கும். எப்சிலான் 0.5 என்றால் அளவு 2. நூற்றுக்கு 95 முறை பிழை 6க்குள் அடங்கும். உண்மை எண்ணிக்கை 3,700 என்றால் இது ஒன்றுமே இல்லை. 7 என்றால் விடைக்கு அர்த்தமே போய்விடும். எப்சிலான் 0.1 என்றால் பிழை 30 வரை போகும். சிறு குழுக்களைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த முறை கைகொடுக்காது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் புது இரைச்சல் கொடுத்தால், கேட்பவர் சராசரி எடுத்து உண்மையை நெருங்கிவிடுவார். அதே ஆட்களைப் பற்றி எப்சிலான் 0.5 வீதம் 20 அட்டவணை வெளியிட்டால் எல்லாம் கூடி மொத்தம் 10, காப்பு கரைந்துவிட்டது. மூன்றாவது, இரைச்சலைச் சொந்தமாக நிரல் எழுதி உருவாக்குவது. கணினியின் தசம எண்களின் கடைசி பிட்டுகள் வழியே உண்மை விடை கசியும் என்று 2012இலேயே இல்யா மிரோனோவ் காட்டிவிட்டார். ஓப்பன்டிபி போன்ற சோதித்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

எப்சிலான் எவ்வளவு வைப்பது என்பதில்தான் இன்றும் அடிதடி. 2020 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தொகுதி மறுவரையறைத் தரவுக்கு மொத்தம் 19.61 வைத்தார்கள். கோட்பாட்டாளர்களுக்கு அது மிக அதிகம். சிற்றூர்களை ஆராயும் மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கோ எண்கள் தேவையில்லாமல் கெட்டுவிட்டன என்ற குறை. 2010 கணக்கெடுப்பின் அட்டவணைகளிலிருந்து தனியாட்களின் பதிவுகளை மீட்டுக் காட்டிய கணக்கெடுப்புத் துறையின் சோதனையில், பொருந்தியவை பெரும்பாலும் தற்செயல்தான் என்ற ரீதியில் மக்கள்தொகை ஆய்வாளர் ஸ்டீவன் ருகுல்ஸ் வாதிட்டார். சிறு ஆய்வுக் குழுவுக்கு எங்கள் யோசனை: மொத்தம் 1க்கு அருகில் தொடங்குங்கள், வெளியிட இருக்கும் எல்லா அட்டவணைகளையும் முதலிலேயே பட்டியலிட்டு அந்த 1ஐப் பங்கு போடுங்கள், எந்த எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்று தரவோடு சேர்த்து எழுதுங்கள்.

அனுப்பும் முன்

எக்செல் ஃபைலை அப்படியே கொடுக்காதீர்கள். மறைத்து வைத்த ஷீட் மறைந்தே இருக்கும், அழிவதில்லை. பிவட் டேபிள் மூலத்தரவின் நகலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறையினர் சுமார் 10,000 பேரின் விவரம் வெளியானது இப்படி ஒரு மறைந்த ஷீட் வழியாகத்தான். சிஎஸ்வியாக (வெறும் எழுத்து ஃபைலாக) சேமித்து, அதை நோட்பேடில் திறந்து மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள். படங்கள் இருந்தால் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் இட விவரத்தையும் நீக்குங்கள்.

பிறகு குழுவில் இல்லாத ஒருவரிடம் ஃபைலைக் கொடுத்து, ஒரு மணி நேரம், இணையம் கையில், யாரையாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒருவரைப் பிடித்துவிட்டாலும் மறுபடி எண்ணும் கட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

வெளியிட்ட ஃபைல், பயன்படுத்திய பட்டைகள், செலவான எப்சிலான் மூன்றையும் குறித்து வையுங்கள். அதே ஆட்களின் தரவை அடுத்த ஆண்டு வெளியிடும்போது அதே பட்டைகளையே பயன்படுத்த வேண்டும். இந்த ஆண்டு ‘30–39’, அடுத்த ஆண்டு ‘36–45’ என்று போட்டால், இரண்டிலும் பொருந்தும் ஆளின் வயது நான்கைந்து ஆண்டுக்குள் சுருங்கிவிடும்.