மரத்தோடு உலோகத்தை ஒட்டுதல்: மாதிரி செய்வோருக்கான பசைத் தேர்வு

வேலூர்க் கோட்டையை மாதிரியாகச் செய்பவர் அதன் மரக்கதவில் பித்தளைக் குமிழ்களைப் பதிக்க வேண்டியிருக்கும். கோயில் தேர் செய்பவர் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டையும் உச்சியில் பித்தளைக் கலசமும் பொருத்த வேண்டும். காட்பாடி சந்திப்பைப் பலகையில் அமைப்பவருக்கோ மரக்கட்டைகளின் மேல் தண்டவாளம் நிற்க வேண்டும். இவர்கள் கடையில் போய் "நல்ல பசை" என்று கேட்பதில் பயனில்லை. எந்த உலோகம், எந்த மரம், ஒட்டும் பரப்பு எவ்வளவு, விசை எந்தப் பக்கமாக இழுக்கும் என்ற நான்கும் தெரிந்த பிறகே பசையின் பெயரைச் சொல்ல முடியும்.

வீட்டில் எப்போதும் இருக்கும் வெள்ளை ஃபெவிகாலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அந்தப் பசை தன்னிடமுள்ள நீரை மரம் உறிஞ்சிக்கொள்வதாலும், மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்து பற்றிக்கொள்வதாலும் இறுகுவது. இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே அதைவிட எளிதான பசை கிடைப்பது அரிது. ஆனால் உலோகத்தில் உறிஞ்சும் தன்மையும் இல்லை, துளையும் இல்லை. ஆகவே காய்ந்த பசை உலோகத்திலிருந்து ஏடாக உரிந்து வந்துவிடும். தச்சர்கள் முன்பு காய்ச்சிப் பயன்படுத்திய வச்சிரப் பசைக்கும் இந்த வேலையில் இதே நிலைதான்.

நமக்கு வேண்டியது, நீர் வெளியேறுவதை நம்பாமல் தனக்குள் நிகழும் வேதிவினையால் இறுகும் பசை. அரால்டைட் போன்ற இரண்டு குழாய் எபாக்சி அத்தகையது, பெரும்பாலான மாதிரி வேலைகளுக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே. ஒரு குழாயிலுள்ள ரெசினையும் மற்றதிலுள்ள, அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் உறையில் குறித்த அளவில் எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் கலக்க வேண்டும். ஹார்டனரைக் கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் இறுகும் என்பது பலரிடம் உள்ள தவறான எண்ணம். மிஞ்சிய ஹார்டனர் வினையில் சேராமல் தங்கி, ஒட்டு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஐந்து நிமிட வகையைவிட, ஓர் இரவு விட்டுவைக்க வேண்டிய மெதுவான வகை பொதுவாக வலிமையானது. அது மரத்தினுள் இறங்குவதற்கும், கோணலாக வைத்த துண்டை நேராக்குவதற்கும் நேரம் தருகிறது. வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர நாட்களில் கலவை உறையில் சொன்னதைவிட வேகமாக இறுகும் என்பதால், அப்போது சிறிது சிறிதாகவே கலந்துகொள்வது நல்லது.

பசை எதுவானாலும், ஒட்டு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் மேற்பரப்பைத் தயாரிப்பதில்தான் இருக்கிறது. பளபளக்கும் பித்தளையில் கைபட்ட எண்ணெயும் மெருகும் படிந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு உயர்ந்த எபாக்சியைப் பூசினாலும் அது அந்த எண்ணெயைத்தான் பற்றும். 120 எண் எமரித் தாளால் ஒட்டும் பக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, அதன் பிறகு விரல் படாமல் வைத்திருக்க வேண்டும். கை கழுவும் சானிடைசர்களில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருப்பதால் அவை இதற்கு உதவா. அலுமினியத்தைத் தேய்த்த உடனேயே ஆக்சைடு படலம் மீண்டும் உருவாகத் தொடங்குவதால், அதைத் தேய்த்த கையோடு ஒட்டிவிட வேண்டும். நிக்கல் முலாம் பூசிய துண்டாக இருந்தால் ஒட்டும் இடத்தில் முலாமே போகும்வரை தேய்ப்பது பாதுகாப்பு, ஏனெனில் பசை பிடித்தாலும் முலாம் உரிந்து வரலாம். மரத்தில் வார்னிஷ் இருந்தால் அதையும் சுரண்ட வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் அதையும் அசிட்டோனால் துடைத்து, ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டுவது நல்லது. இறுக்கிப் பிடிக்கும்போது பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும்படி அழுத்தக் கூடாது.

கலசம், கொடிக்கம்பம் போன்று தட்டுப்பட்டால் நெம்பப்படும் உறுப்புகளுக்குப் பசை மட்டும் போதாது. அவற்றின் அடியில் ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் பற்றவைத்து, மரத்தில் அதற்கு ஒரு துளையிட்டு, துளைக்குள் எபாக்சியை நிரப்பிச் செருகினால், உரிக்கும் விசை முழுவதையும் கம்பி தாங்கிக்கொள்ளும்.

ஃபெவிகுவிக் வகைப் பசை கதவுக் குமிழ் போன்ற மிகச் சிறிய துண்டுகளுக்கு ஏற்றது. அது காற்றின் ஈரத்தால் நொடிகளில் இறுகுகிறது. ஆனால் இறுகியபின் நொறுங்கும் இயல்புடையது, இடைவெளியையும் நிரப்பாது. மழைநாளில் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியக்கூடும். வழிந்ததைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ ஒருபோதும் துடைக்கக் கூடாது: பருத்தியோடு அது வினைபுரிந்து கையைச் சுடும் அளவுக்கு வெப்பம் எழும்.

அகலமான தகடுகளின் செய்தி வேறு. பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகடு 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் 0.04 மில்லிமீட்டர்தான் நீளும். அதே அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் கோடைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இடையே நான்கு விழுக்காடு மாறினால், அது இழைக்குக் குறுக்கே முக்கால் மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். விறைப்பான எபாக்சியால் இந்த அசைவுக்கு இணங்க முடியாது. ஒன்று பசை விடும், அல்லது மரம் வெடிக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதியின் காலணித் தொழிலாளர்களுக்குப் பழகிய ரப்பர் பசையே இங்கே பொருந்தும். இரு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, ஒரே முறையில் சரியாக வைத்து ஓங்கி அழுத்த வேண்டும். வைத்தபின் நகர்த்த முடியாது. தேர்ச்சக்கரப் பட்டை, கூரைத் தகடு ஆகியவற்றுக்கு இதைத் தேர்ந்தெடுக்கலாம். மாற்றாக, தகட்டின் நடுவில் மட்டும் எபாக்சியிட்டு ஓரங்களை விட்டுவிடலாம்.

அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சிகள் 60 டிகிரிக்கு அருகில் இளகத் தொடங்குவதால், கண்காட்சிக்குக் கொண்டுசெல்லும் மாதிரியைச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிடக் கூடாது. தவறாக ஒட்டிய உறுப்பைப் பிரிக்கவும் இந்தக் குணமே உதவும்: சூடான சால்டரிங் இரும்பை உலோகத்தின் மேல் சிறிது நேரம் வைத்தால், வெப்பம் உலோகத்தின் வழியே இறங்கிப் பசையை இளக்கும். அப்போது மரத்துக்குச் சேதமின்றித் துண்டை மெல்ல நெம்பி எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, மீண்டும் எமரித் தாளிலிருந்து தொடங்கலாம்.